கண்டி நாட்டில் அபினும் தலையிடியும்

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உலர்ந்து அபின் ஆகின்றது. ஆயுர்வேதத்தின் மூல நூல்களாகிய சரக சங்கிதையிலும் சுசுருத சங்கிதையிலும் இதனைக் காண்டல் அரிது. பிற்காலத்ததாகிய சார்ங்கதர சங்கிதையிலேயே இது மருந்துச் சரக்காக இடம்பெறுகின்றது. அரபு மொழியின் ‘அஃப்யூன்’ என்னுஞ் சொல்லே தமிழில் அபின் எனவும் சிங்களத்தில் ‘அபிங்’ எனவும் வழங்குகின்றது. சரக்குக் கடல்வழி வந்தது என்பதற்குப் பெயரே சான்று.

கண்டி இராச்சியத்தில் மயக்கப் பொருளை மருந்தாக உண்ட ஒருவரின் வாக்குமூலம் நமக்குக் கிடைத்துள்ளது. 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டு, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இதனைக் கூறுகின்றார். குளத்துநீர் குடித்துக் காய்ச்சலுற்ற அவரும் தோழரும், கஞ்சா இலையை உலர்த்திப் பொடித்துக் கருப்பட்டியுடன் சேர்த்துக் காலை மாலை வெறுவயிற்றில் உண்டனர். தலை சுற்றும் என்பதை அறிந்தே உண்டனர். அது அபின் அன்றெனினும், மருந்துக்கும் மயக்கத்துக்கும் இடையே அக்காலத்தார் வேலி கட்டவில்லை என்பது இதனாற் புலப்படும்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோப்பித் தோட்டங்கள் பரவவே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுடன் நடந்தன. தோட்டத்து வைத்திய வசதிக்கென முதற் சட்டம் 1872இலேயே வந்தது. அதற்கு முன்னர் பல தோட்டங்களில் துரையின் மருந்துப் பெட்டியே வைத்தியசாலை. குவினைனுக்கு அருகே அப்பெட்டியில் இருந்தது ‘குளோரோடைன்’. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் வைத்தியர் கொலிஸ் பிரௌண் 1848இல் ஆக்கிய இம்மருந்தில் அபின், கஞ்சா, குளோரபோம் ஆகிய மூன்றும் கலந்திருந்தன. வாந்திபேதிக்கெனப் பிறந்த அது, சில காலத்துள் இருமலுக்கும் நரம்புவலிக்கும் தலையிடிக்கும் நல்லதென விற்கப்பட்டது. வயிற்றுப் போக்கையும் நோவையும் அது தணித்தது மெய்யே. அதனாலேயே மக்கள் அதனை விட்டாரில்லை.

அரசாங்கம் விழித்தது மெல்லவே. 1907இல் அபின் பற்றி ஆராயக் குழு அமைந்தது. 1910இல் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. சுதேச வைத்தியர்க்கும் பழக்கப்பட்டோர்க்கும் அளவாக வழங்க இடமளிக்கப்பட்டது. பின்னர் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1984இல் அது திருத்தப்பட்டபோது ஹெரோயின் 2 கிராம், மோபின் 3 கிராம், அபின் 500 கிராம் என்னும் எல்லைகளைக் கடந்த குற்றங்களுக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்கலாமென வகுக்கப்பட்டது. வணிகரைத் தண்டித்தற்கு அளவுகோல் வேண்டியதே. ஆயின் மாதம் பதினைந்து நாள் தலையிடியோடு மருந்துக்கடைக்குச் செல்லும் ஒருவர், இச்சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளியுமல்லர், நோயாளியுமல்லர்.

அவரது நிலையை மருத்துவ உலகம் உணர்ந்ததும் காலந்தாழ்த்தியே. அபினிலிருந்து கொடெயினை றொபிக்கே என்னும் பிரெஞ்சு இரசாயனர் 1832இற் பிரித்தெடுத்தார். உடலினுள் அதன் ஒரு பகுதி மோபினாக மாறியே நோவைத் தணிக்கின்றது. எனினும் தலையிடிக்கு உண்ட மருந்தே தலையிடியை வளர்க்கும் என்பது, 1988இல் வெளிவந்த சர்வதேசத் தலையிடி வகைப்பாட்டிலேயே தனி நோயாகப் பதிவாயிற்று. இன்றைய அளவை வருமாறு: அபின்வகை மருந்தை மாதம் 10 நாளோ மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் உண்பவர்க்கு, மாதம் 15 நாளோ மேலோ தலை நொந்தால் ஐயுற வேண்டும். சாதாரண பரசிற்றமோலுக்கு அவ்வெல்லை 15 நாள். அபின்வகை அதனினும் விரைவில் சிக்கவைக்கின்றது.

நோயாளி இதனை அறிவதில்லை. மருந்தின் வேகம் தணிந்ததும் நோவு மீள்கின்றது. நோய் முற்றியதென எண்ணி மற்றொரு மாத்திரை உண்கின்றார். பேராதனைக் குன்றில் 1962இல் மருத்துவ பீடம் எழுந்த பின்னரும், தோட்டத்து லயத்தில் வாழ்பவர்க்குக் கண்டிப் பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் வைத்தியரைக் காண்பது ஒருநாட் கூலியை இழப்பதாகும். மாத்திரைக் கடையோ வழியிலேயே உள்ளது. நிறுத்தத் துணிந்தாலும் முதற் சில நாட்கள் நோவு மிகும்; குமட்டலும் உறக்கமின்மையும் நடுக்கமுஞ் சேரும். ஆதலின் அபின்வகையை நெடுநாள் உண்டவர்க்கு வைத்தியர் அதனைத் தம் கண்காணிப்பிலே படிப்படியாகக் குறைத்து, தலையிடி வாராமற் காக்கும் வேறு மருந்தை உடன் தொடங்குவர்.