ஓடுதளமும் உயிரிழப்பும்: கலிபோர்ணியாவின் அனுபவம்

குதிரைப் பந்தய வரலாறு பெரும்பாலும் வென்ற குதிரைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றின் குளம்புகளுக்குக் கீழிருந்த நிலம் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. ஏறக்குறைய 500 கிலோகிராம் எடையுள்ள குதிரை முழுவேகத்தில் ஓடும்பொழுது, அதன் முன்கால் ஒன்று உடல் எடையின் இரு மடங்குக்கும் மேற்பட்ட பளுவைத் தாங்குகின்றது. ஆதலின் ஓடுதளத்தின் தன்மை உயிரோடு தொடர்புடைய வினாவாகின்றது. அவ்வினாவுக்கு ஆணை மூலம் விடைகாண முயன்ற அமெரிக்க மாநிலமான கலிபோர்ணியாவின் அனுபவம் ஆராய்தற்குரியது.

பந்தயத் தளங்கள் மூவகைப்படும். இங்கிலாந்திலும் பிரான்சிலும் புற்றரையே மரபுவழித் தளமாகும். அமெரிக்காவிலோ மண்தளம் வேரூன்றியது. அதன் மேற்படை தளர்வானது, கீழ்ப்படை இறுகியது. மழைக்கு முன்னர் மேற்படையை அழுத்தி, நீர் வழிந்தோடச் செய்வர். இதனால் தளத்தின் இறுக்கம் நாளுக்கு நாள் வேறுபடும். மூன்றாவதான செயற்கைத் தளம், மணல், செயற்கை இழை, இறப்பர்த் துணுக்குகள் ஆகியவற்றை மெழுகுடன் கலந்து அமைக்கப்படுவது. மழைநீர் அதனூடாகக் கீழிறங்கும். இங்கிலாந்தின் லிங்பீல்ட் திடலில் 1989இல் செயற்கைத் தளப் பந்தயம் தொடங்கிற்று.

2006இல் கலிபோர்ணியக் குதிரைப் பந்தயச் சபை, மாநிலத்தின் பெரிய திடல்கள் யாவும் 2007 முடிவதற்குள் செயற்கைத் தளத்துக்கு மாறவேண்டுமெனப் பணித்தது. அவ்வாண்டு கெண்டக்கி டேபியில் வென்ற பார்பாரோ, இரு வாரங்களின் பின் பிறீக்னெஸ் பந்தயத்தில் கால் முறிந்து, 2007 சனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டமை நாடெங்கும் இவ்வினாவை எழுப்பியிருந்தது.

எனினும் மாற்றம் நிலைக்கவில்லை. சன்ரா அனிற்றா திடலின் புதிய தளம் 2008 சனவரி மழையில் நீரை வடியவிடாமையால் பந்தய நாட்கள் கைவிடப்பட்டன. மெழுகு வெப்பத்தால் இளகியது. பின்னங்கால்களில் வேறுவகை ஊறுகள் தோன்றுவதாகப் பயிற்றுநர் முறையிட்டனர். மண்தள ஓட்டத்துக்கென வளர்க்கப்பட்ட குதிரைகளின் மதிப்பும் பந்தயம் கட்டுவோரின் பழக்கமும் எதிராக நின்றன. சன்ரா அனிற்றா 2010இலும் டெல் மார் 2015இலும் மண்தளத்துக்கு மீண்டன.

இதற்கிடையில் புள்ளிவிபரங்கள் திரண்டன. அமெரிக்காவில் 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 ஆக இருந்த குதிரை இறப்பு வீதம், 2019இல் 1.53 ஆகக் குறைந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் செயற்கைத் தளத்திலேயே அவ்வீதம் மிகக் குறைவாயிருந்தது. ஆயினும் மண்தளமே பெரும்பான்மையாக நீடித்தது.

2018 டிசெம்பர் இறுதி முதல் 2019 யூன் வரை சன்ரா அனிற்றாவில் 30 குதிரைகள் இறந்தன. கடும் மழை பெய்த பருவம் அது. ஆயினும் தளத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. எலும்பு முறிந்த குதிரைகளுட் பெரும்பாலானவற்றில் முன்னரே எலும்புச் சிதைவு இருந்தமையைச் சபையின் 2020ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டிற்று. மருந்துக் கட்டுப்பாடும் மிருகவைத்தியப் பரிசோதனையும் இறுக்கப்பட்டன. 2020இன் கூட்டாட்சிச் சட்டத்தின் வழியே, 2022 முதல் நாடளாவிய பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

ஓடுதளம் பல காரணிகளுள் ஒன்றே. ஆனால் குதிரையின் உள்ளே மறைந்திருக்கும் சிதைவைப் போலன்றி, அது மனிதன் தானே தெரிந்து அமைப்பது. அத்தெரிவில் உயிர்க்காப்பு, வழக்கத்துக்கும் வருவாய்க்கும் அடுத்ததாகவே எண்ணப்பட்டதென்பதை இவ்வரலாறு புலப்படுத்துகின்றது.