பட்டுப்புழு உணவும் இரத்தச் சர்க்கரையும்: மருந்து நூலிலிருந்து ஆய்வகம் வரை

சீன மருத்துவர் லி ஷிசென் 1578இல் எழுதி முடித்து, 1596இல் அச்சேறிய ‘பென்சாவ் காங்மு’ என்னும் மருந்துப்பொருள் நூல், பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவைக் காய்ச்சி எடுத்த சாற்றை ‘ஷியாவ்கே’ நோய்க்கு விதிக்கிறது. அடங்காத தாகம், மிகுதியாகச் சிறுநீர் கழிதல், உடல் மெலிதல் ஆகியவை அந்நோயின் குறிகள். இன்று நீரிழிவு என்று அறியப்படும் நோயின் பெரும்பகுதி இவ்விளக்கத்துள் அடங்கும்.

கொரியாவில் கூட்டுப்புழு சிற்றுண்டியாகப் பரவியது. பட்டுக்கூட்டை வெந்நீரிலிட்டு நூல் இழுத்தபின் மிஞ்சும் புழுவை வேகவைத்து, உப்பும் சுவையும் சேர்த்து, ‘பொந்தேகி’ என்ற பெயரில் தெருக்களில் விற்கின்றனர். செயற்கை இழைகளும் மலிவான சீனப் பட்டும் சந்தையைப் பிடித்தபோது கொரியப் பட்டு வளர்ப்பு சரிந்தது. நூலை நம்பி வாழ முடியாத நிலையில், 1990களில் அந்நாட்டு வேளாண் ஆய்வாளர்கள் புழுவையே விளைபொருளாக்க முனைந்தனர். ஐந்தாம் பருவத்தின் மூன்றாம் நாள் புழுவை உறையவைத்து உலர்த்திப் பொடித்தால் சர்க்கரையைக் குறைக்கும் திறன் மிகுதி என்பது அவர்களுடைய விலங்குச் சோதனைகளில் தெரிந்தது. கூடு கட்டத் தொடங்குமுன், இலையை மும்முரமாகத் தின்னும் காலம் அது.

இத்திறனுக்கான வேதியியல் விளக்கம் ஜப்பானிய ஆய்வுகளில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1966இல் மண் பாக்டீரியாவிலிருந்து நோஜிரிமைசின் என்ற பொருள் அறியப்பட்டது. அதன் நெருங்கிய உறவான 1-டியாக்சிநோஜிரிமைசின் 1976இல் முசுக்கொட்டைச் செடியிலிருந்து பிரிக்கப்பட்டது. இது குளுக்கோஸின் அமைப்பை ஒத்திருப்பதால், சிறுகுடலில் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைக்கும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் நொதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைத் தடுக்கிறது. உணவு மெதுவாகச் செரிப்பதால், உண்டபின் இரத்தச் சர்க்கரை திடீரென ஏறுவதில்லை. செரிக்காத மாவுப்பொருள் பெருங்குடலுக்குச் செல்வதால் வயிற்று உப்புசமும் பேதியும் உண்டாகலாம். 1996இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற மிக்லிட்டால் என்ற நீரிழிவு மாத்திரை இச்சேர்மத்தின் வழிப்பொருளே.

செடிக்கு இப்பொருள் ஒரு தற்காப்பு. ஆமணக்கு இலை தின்னும் எரி பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலையைக் கொடுத்தால் அது வளர்ச்சி குன்றி இறந்தது என்றும், இலையிலுள்ள பாலை நீக்கியபோது நச்சுத்தன்மை மறைந்தது என்றும் 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். முசுக்கொட்டைப் பட்டுப்புழுவிடம் இந்த நஞ்சால் தடைபடாத செரிமான நொதிகள் இருப்பதால், அதே இலையைத் தின்று அச்சேர்மத்தை உடலில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே பட்டுப்புழுப் பொடியின் புகழ்பெற்ற திறனுக்கு முதன்மைக் காரணம் புழுவின் புரதம் அன்று. அது தின்ற இலையே. கூட்டுப்புழு நிலையில் இச்சேர்மம் குறைந்துவிடுவதால், பொடிக்குரிய பயனைப் பொந்தேகியிடம் எதிர்பார்க்க இயலாது.

பூச்சிப் புரதம் தனி ஆய்வுப்பொருளானது பின்னரே. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 2013இல் வெளியிட்ட உண்ணத்தகு பூச்சிகள் பற்றிய அறிக்கை உலக அளவில் கவனம் ஈர்த்தது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் உலர்த்திய மாவுப்புழுவை உணவாக அனுமதித்தது. இதே காலத்தில், பூச்சிப் புரதத்தை நொதிகளால் சிதைத்துப் பெறும் பெப்டைடுகள் சில டிபிபி-4 நொதியைத் தடுப்பது சோதனைக்குழாய் ஆய்வுகளில் தெரியவந்தது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனைச் சிதைப்பது அந்த நொதியே. சிட்டாகிளிப்டின் போன்ற மருந்துகளும் அதையே தடுக்கின்றன. ஆனால் வாய்வழி உட்கொண்ட பெப்டைடு செரிமானத்தில் சிதையாமல் தப்பினால்தான் அவ்வாறு செயல்பட முடியும்.

மனிதரிடம் நடந்த சோதனைகள் சிறியவை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் உடல்நலமுள்ள 20 பேர் நாள்தோறும் 25 கிராம் சுவர்க்கோழிப் பொடியை 14 நாள்கள் உண்டனர். பாதுகாப்பும் குடல் நுண்ணுயிர்களுமே அதன் மையம். நீரிழிவு சிகிச்சை அதன் நோக்கமன்று. புரத அளவீட்டிலும் சிக்கல் உண்டு. பூச்சி ஓட்டின் கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால், நைட்ரஜன் அளவிலிருந்து புரதத்தைக் கணக்கிடும் வழக்கமான 6.25 என்ற பெருக்கெண் புரதத்தை மிகைப்படுத்துகிறது. மாவுப்புழு போன்ற புழுக்களுக்கு 4.76 பொருத்தமானது என 2017இல் முன்மொழியப்பட்டது.

எனவே மூன்று வழிகளைப் பிரித்தறிய வேண்டும்: இலைவழி வந்த சேர்மம், புரதம் சிதைந்து பிறக்கும் பெப்டைடு, மாவுப்பொருளுக்குப் பதில் புரதம் உண்பதால் வரும் பொதுப்பயன். முதலாவதன் செயல்முறை தெளிவானது. இரண்டாவது ஆய்வக நிலையிலுள்ளது. மூன்றாவது முட்டைக்கும் பருப்புக்கும் பொருந்தும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூச்சி உணவும் ஒவ்வாமல் போகலாம். நீரிழிவு மருந்து உட்கொள்வோர் பட்டுப்புழுப் பொடியையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும் வாய்ப்பு உண்டு.