பிக்கிள்பால்: ஓங்கி அடிப்பதா, மெல்லத் தட்டுவதா?

டென்னிஸ், பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கினால் என்ன வரும்? பிக்கிள்பால் வரும்! அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் இதை ஆடியவர்கள் 1 கோடியே 36 லட்சம் பேர் என்றும், 2024-இல் அது 1 கோடியே 98 லட்சம் ஆனது என்றும் அந்நாட்டு விளையாட்டுப் பொருள் தொழில் சங்கத்தின் அறிக்கைகள் சொல்கின்றன.

இவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர்கள். அந்தக் கோர்ட்டுகளில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. பந்தை ஓங்கி அடிப்பது ஆட்டமா, மெல்லத் தட்டி வலைக்குப் பக்கத்தில் விழவைப்பது ஆட்டமா? ஓங்கி அடிப்பவர்களுக்கு 'பேங்கர்' என்று பட்டப்பெயர். மெல்லத் தட்டும் ஷாட்டுக்கு 'டிங்க்' என்று பெயர். யார் பக்கம் நியாயம் என்று தெரிய வேண்டுமானால் ஆட்டம் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

பொழுது போகாத ஒரு கோடைநாள்

1965, வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவு. ஜோயல் பிரிட்சர்ட் என்ற அரசியல்வாதியும் அவர் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிவிட்டு வீடு திரும்பினார்கள். வீட்டில் எல்லோரும் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பேட்மிண்டன் கோர்ட் ஒன்று இருந்தது, ஆனால் ஆடுவதற்கு முழு சாமான் இல்லை. கையில் கிடைத்த டேபிள் டென்னிஸ் மட்டைகளையும், ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆட ஆரம்பித்தார்கள்.

வலை முதலில் 60 அங்குல உயரத்தில் இருந்தது. பந்து தரையில் நன்றாக எழும்புவதைப் பார்த்து 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். அடுத்த வார இறுதியில் பார்னி மெக்கலம் என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். மூவரும் விதிகளை உருவாக்கினார்கள். நோக்கம் ஒன்றுதான்: குடும்பம் முழுவதும் சேர்ந்து ஆட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வலையை இறக்கினால் ஓங்கி அடிப்பது சுலபமாகிவிடும். உயரமும் பலமும் உள்ள ஒருவர் வலையை ஒட்டி நின்று வருகிற பந்தையெல்லாம் கீழ்நோக்கி அடித்தால், எதிரே நிற்கும் சிறுவனும் பாட்டியும் என்ன செய்வார்கள்?

மூன்று பூட்டுகள்

பிக்கிள்பால் விதிகள் வேகத்துக்கு மூன்று பூட்டு போட்டிருக்கின்றன.

முதலாவது, வழக்கமான சர்வை இடுப்புக்குக் கீழே, கீழிருந்து மேலாகத்தான் அடிக்க வேண்டும். டென்னிஸில் போல சர்விலேயே ஆட்டத்தை முடித்துவிட முடியாது.

இரண்டாவது, சர்வும் அதற்கு வரும் பதிலும் கட்டாயம் ஒருமுறை தரையில் பட்டு எழ வேண்டும். அதனால் சர்வ் செய்தவர் உடனே வலைக்கு ஓட முடியாது.

மூன்றாவதுதான் பெரிய பூட்டு. வலையின் இரு பக்கமும் 7 அடிக்கு ஒரு கட்டம் உண்டு. ஆடுகிறவர்கள் அதைச் செல்லமாக 'கிச்சன்' என்பார்கள். அதற்குள் நின்றுகொண்டு தரையில் படாத பந்தை அடிக்கவே கூடாது.

டிங்க்கின் பலம் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. மெல்லத் தட்டிய பந்து எதிராளியின் கிச்சனுக்குள் விழுந்தால், அவர் அது எழும்பும் வரை காத்திருக்க வேண்டும். எழும்பிய பந்து வலையின் உயரத்துக்குக் கீழேயே இருக்கும். கீழே இருக்கும் பந்தை ஓங்கி அடித்தால் வலையில் மோதும், அல்லது கோட்டுக்கு வெளியே போகும். ஆக, எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அவரும் மெல்லத்தான் தட்டியாக வேண்டும். 70 வயதுக்காரரின் கை 20 வயதுக்காரரின் கையைக் கட்டிப்போட முடிகிற இடம் அது.

மட்டை மாறியது

ஆரம்பகால மட்டைகள் பிளைவுட் பலகையில் வெட்டியவை. 1984-இல் போயிங் நிறுவனப் பொறியாளர் ஆர்லன் பரான்டோ, விமானத்தின் தரைப்பகுதிக்குப் பயன்படும் தேன்கூடு அமைப்புள்ள பலகையைக் கொண்டு மட்டை செய்தார். எடை குறைந்தது, கை வேகம் கூடியது. அதன் பிறகு கிராஃபைட், கார்பன் ஃபைபர் என்று மட்டைகள் வளர்ந்துகொண்டே போயின.

இன்னொரு பக்கம், ஓய்வு பெற்றவர்கள் அதிகம் வாழும் அரிசோனா, ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் ஆட்டம் வேரூன்றியது. எல்லா வயதினருக்குமான முதல் தேசியப் போட்டி 2009-இல் அரிசோனாவின் பக்ஐயில் நடந்தது. சுமார் 400 பேர் கலந்துகொண்டார்கள்.

பிறகு இளைஞர்கள் வந்தார்கள். 2017-இல் இர்மா புயலுக்காக ஃப்ளோரிடாவை விட்டுப் பென்சில்வேனியா போன ஆனா லீ வாட்டர்ஸ் என்ற சிறுமிக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியவர் அவருடைய தாத்தா. 2019-இல் 12 வயதிலேயே அவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அம்மாவுடன் ஜோடி சேர்ந்து அவர் ஆடிய தாக்குதல் ஆட்டம், பெண்கள் இரட்டையர் என்றாலே பொறுமையாக டிங்க் செய்வது என்ற எண்ணத்தை மாற்றியது. தாத்தா சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில் பேத்தி வேகத்தைக் கொண்டுவந்தார்!

விதிகளும் சும்மா இருக்கவில்லை. சர்வ் போடும்போது பந்தைக் கையால் சுழற்றிவிடுவது 2023-இல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. 2024-இல் யுஎஸ்ஏ பிக்கிள்பால் அமைப்பு, முன்பு அனுமதித்திருந்த சில புதிய ரக மட்டைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. மட்டையில் பட்ட பந்து எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் புதிய சோதனையையும் அதே ஆண்டில் கொண்டுவந்தது. மட்டை செய்கிறவர்கள் ஒரு பூட்டைத் திறந்தால், விதி எழுதுகிறவர்கள் இன்னொன்றைப் போடுகிறார்கள்.

லாப நஷ்டக் கணக்கு

அப்படியானால் ஓங்கி அடிப்பது தவறா? இல்லவே இல்லை. அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். தரையில் படாத பந்து ஒருவர் உடம்பில் பட்டால் பட்டவருக்குத்தான் நஷ்டம். புதிதாக ஆடுகிறவர்களிடம் பேங்கர்கள் சுலபமாக ஜெயிப்பதும் உண்மைதான். ஆனால் அந்த லாபம் எதிரே நிற்பவர் பதறும் வரைதான். வேகமாக வரும் பந்துக்கு மட்டையைத் தளர்வாகப் பிடித்துக் காட்டினாலே போதும், பந்து கிச்சனில் செத்து விழும். தோளுக்கு மேலே பறந்து வருவதை அடிக்காமல் விட்டுவிட்டால் பெரும்பாலும் அது வெளியே போய்விடும். இந்த இரண்டையும் எதிராளி கற்றுக்கொண்ட நாளிலிருந்து பேங்கரின் கணக்கில் நஷ்டம் ஏற ஆரம்பிக்கும்.

ஆனால் இது வெறும் வெற்றி தோல்விக் கணக்கும் அல்ல. வேகம் மட்டுமே மிஞ்சினால் முதலில் கோர்ட்டை விட்டுப் போகிறவர்கள் வயதானவர்களும் குழந்தைகளும்தான். யாருக்காக அன்று அந்த ஆட்டம் உருவாக்கப்பட்டதோ அவர்களே போய்விடுவார்கள். டிங்க் என்பது பலவீனர்களின் ஷாட் இல்லை. பலமுள்ளவரும் இல்லாதவரும் ஒரே கோர்ட்டில் நிற்பதற்கான ஒப்பந்தம்.

அடுத்த முறை எதிரே ஒரு பாட்டி மட்டையுடன் நின்றால் ஓங்குவீர்களா, தட்டுவீர்களா? ஓங்கினால் ஒரு பாயிண்ட் கிடைக்கலாம். தட்டினால் ஒரு ஆட்டம் கிடைக்கும்!