பங்குப் பதிவேடுகளும் ஊர்மன்றங்களும்: ஸ்காட்லாந்தில் குடிவழி ஆய்வின் வரலாறு

ஸ்காட்லாந்தின் அரசனாக மூன்றாம் அலெக்சாண்டர் 1249ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்கோன் என்னும் ஊரில் அரியணை ஏறியபோது, மலைநாட்டு முதியவர் ஒருவர் அவன்முன் மண்டியிட்டு, அந்தச் சிறுவனின் முன்னோர் பெயர்களைக் கேலிக் மொழியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓதினார் என்று ஃபோர்டன் ஊரைச் சேர்ந்த ஜான் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாறு கூறுகிறது. குடிவழி ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே அவையில் உரைக்கப்பட்டு வந்தது என்பதற்கு இது சான்று. ஆயினும் அவ்வாறு உரைக்கப்பட்டவை அரசரும் குலத்தலைவரும் வந்த வழிகளே. குலத்தலைவர்களைச் சார்ந்து வாழ்ந்த ஷெனகி எனப்பட்ட மரபுரைப்போர் அவற்றைத் தலைமையுரிமைக்குச் சான்றாகக் காத்து வந்தனர். இன்றோ ஸ்காட்லாந்தின் நூலகங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் குளிர்கால மாலைகளில் நடைபெறும் ஊர் வரலாற்றுப் பொழிவுகளில் நெசவாளர், பண்ணையாள், மீனவர், சுரங்கத் தொழிலாளர் ஆகியோரின் குடிவழிகள் பேசப்படுகின்றன. அவர்களுக்கும் முன்னோர் உண்டு என்று பெயரும் நாளும் சொல்லிக் காட்ட உதவும் ஆவணங்களில் பெரும்பாலானவை அவர்களைப் போற்ற எழுந்தவை அல்ல. கண்காணிக்கவும் தண்டிக்கவும் வரி பெறவும் எழுதப்பட்டவை.

பேராயர் ஜான் ஹாமில்டன் காலத்தில் 1552இல் கூடிய திருச்சபை மாமன்றம், பங்கு எனப்படும் ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் திருமுழுக்குகளையும், திருமணத்துக்கு முன் கோயிலில் மும்முறை மண அறிவிப்பாக ஓலை வாசிப்பதையும் பதிந்து வைக்க வேண்டும் என்று விதித்தது. இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய பதிவேடு பெர்த்ஷயரின் எரோல் பங்குக்குரியது. அது 1553இல் தொடங்குகிறது. 1560இல் சீர்திருத்தச் சபை நாட்டின் சபையாகிய பின்னரும் இக்கடமை தொடர்ந்தது என்றாலும், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளில் அது ஒரே சீராக நிறைவேறவில்லை. பல இடங்களில் பதிவேடே 18ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. அடக்கங்களைக் குறித்து வைத்தோர் மிகச் சிலர். 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதிக்கப்பட்டபோது, அதைச் செலுத்த மனமில்லாத குடும்பங்கள் பதியாமலே விட்டன. 1794இல் வரி நீங்கினாலும் அந்தப் பதினொரு ஆண்டுகளின் இடைவெளி நிலைத்துவிட்டது. 1733 முதல் தாய்ச்சபையிலிருந்து பிரிந்து சென்ற குழுக்களும், 1843இல் பெரும் பிளவில் தோன்றிய சுதந்திரச் சபையும் தத்தம் ஏடுகளைத் தனியே வைத்துக்கொண்டன.

பங்குப் பதிவேட்டைவிட எளிய மக்களின் வாழ்வு நெருக்கமாகத் தெரிவது கிர்க் செஷன் எனப்பட்ட அவையின் குறிப்பேடுகளில்தான். போதகரும் மூப்பர்களும் அமர்ந்த இந்த அவை ஊரின் ஒழுக்கத்தைக் காக்கும் மன்றமாகவும், காணிக்கையிலிருந்து ஏழைகளுக்குப் படியளக்கும் அமைப்பாகவும் ஒருசேர விளங்கியது. ஓய்வுநாளில் வேலை செய்தவர், அண்டை வீட்டாரைப் பழித்தவர், மணமாகாமல் கருவுற்ற பெண் ஆகியோர் அதன்முன் அழைக்கப்பட்டனர். குற்றம் உறுதியானால் சபையார் அனைவரும் காண, மனந்திரும்புவோருக்கென இடப்பட்ட இருக்கையில் அமர வேண்டியிருந்தது. அப்பெண்ணிடம் குழந்தையின் தந்தை யார் என்று மூப்பர்கள் விடாமல் கேட்டதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமன்று. தந்தை அறியப்படாவிட்டால் குழந்தையைக் காக்கும் செலவு பங்கின் ஏழைநிதியின்மேல் விழும் என்ற அச்சமும் காரணம். திருமுழுக்கு ஏட்டில் தந்தை பெயர் விடுபட்டிருக்கும் இடத்தில் அவை ஏடு அதை அளிப்பது இதனால்தான். ஒரு பங்கிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தோர் நன்னடத்தைச் சான்று கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருந்தமையால், வேலை தேடி ஆண்டுதோறும் பண்ணை மாறிய கூலியாட்களின் வழித்தடம் சில இடங்களில் இன்றும் தெரிகிறது. இவ்வளவு நுட்பமான சான்றை விட்டுச் சென்றது ஓர் இளம்பெண்ணின் அவமானம் என்பதை இவ்வேடுகளைப் படிப்போர் ஒருபோதும் மறக்கலாகாது. ஊர்க்கூடத்தில் அவளுடைய வழித்தோன்றல்களே அமர்ந்திருக்கக்கூடும் என்பதால் உரையாளரின் பொறுப்பு இன்னும் பெரிது.

அரசின் ஆவணங்களோ பலமுறை நாட்டை விட்டே கொண்டுசெல்லப்பட்டன. 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டும், 1650களில் கிராம்வெல்லின் ஆட்சியும் அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோக, முடியாட்சி மீண்ட 1660இல் அவற்றுள் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்த எலிசபெத் என்னும் கப்பல் வழியில் புயலில் மூழ்கியது. எடின்பரோவில் ராபர்ட் ஆடம் வடிவமைத்த ஆவணமாளிகைக்கு 1774இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கான தொடக்க நிதி, ஸ்டூவர்ட் அரச மரபை மீண்டும் அரியணை ஏற்றக் கிளர்ச்சியில் ஈடுபட்ட யாக்கோபியர்களிடமிருந்து பறிமுதலான பண்ணைகளின் வருவாயிலிருந்து வந்தது.

1854ஆம் ஆண்டுச் சட்டப்படி 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றைப் பதிவது அரசின் கடமையாயிற்று. முதல் தலைமைப் பதிவாளர் வில்லியம் பிட் டண்டாஸ். அம்முதலாண்டில் பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணநாள், முன்பிறந்த பிள்ளைகள் ஆகியவையும், இறப்புப் பதிவில் இறந்தவரின் பிள்ளைகள் விவரமும் கேட்கப்பட்டன. பதிவாளர்களுக்கு இது பெருஞ்சுமையாயிருந்ததால் 1856இல் இவற்றுள் பல நீக்கப்பட்டன. பெற்றோரின் மணநாள் மட்டும் 1861இல் பிறப்புப் பதிவுக்குத் திரும்பியது. 1855இல் பிறந்தவரையோ இறந்தவரையோ முன்னோராகப் பெற்ற குடும்பம் இவ்வாய்வில் பேறு பெற்றது எனலாம். அதனினும் சிறந்த நன்மை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் மணமான பெண் சட்ட ஆவணங்களில் தன் பிறந்தகப் பெயரை இழப்பதில்லை. இறப்புப் பதிவிலும் இறந்தவரின் தாய் தன் பிறந்தகப் பெயருடனேயே குறிக்கப்படுகிறாள். அக்காலத்து இங்கிலாந்து இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் கேட்கப்படவே இல்லை என்பதை நோக்க, தாய்வழியைத் தேடுவோருக்கு ஸ்காட்லாந்து அளிக்கும் வாய்ப்பின் அருமை விளங்கும்.

ஆவணம் இருப்பது மட்டும் போதாது. அதை ஊரோடு பொருத்திப் படிக்க வேண்டும். அப்பணியை மேற்கொண்டவை ஊர்மன்றங்கள். 1780இல் எடின்பரோவில் தோன்றிய தொல்பொருள் கழகம் கற்றோரும் செல்வரும் கூடிய அவையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சிறு நகரங்களும் தமக்கென மன்றங்கள் கண்டன. கம்பளி நெசவு நகரான ஹாயிக்கின் தொல்லியல் கழகம் 1856இல் எழுந்தது. குடிவழிக்கென்றே 1953இல் ஸ்காட்லாந்து குடிவழிக் கழகமும், 1977இல் கிளாஸ்கோவிலும் 1978இல் அபர்டீனிலும் வட்டாரக் கழகங்களும் அமைந்தன. இவற்றின் உறுப்பினர் கல்லறைத் தோட்டங்களில் நடந்து, 1855க்கு முற்பட்ட கல்வெட்டு வாசகங்களை மழையும் பாசியும் அழிக்கும் முன் படியெடுத்து, தொகுதி தொகுதியாக வெளியிட்டனர். அடக்கப் பதிவே இல்லாத பங்குகளில் இன்று அக்கல்வெட்டுகளே சான்று. ஊதியமின்றிச் செய்யப்பட்ட இப்பணிக்குக் குடிவழி ஆய்வு பட்டிருக்கும் கடன் பெரிது. பொழிவுகளிலும் இத்தகைய அறிவே பரிமாறப்படுகிறது: 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கும் முறை, உழைப்புக்கு ஈடாகக் குடிசையும் சிறு நிலமும் பெற்ற காட்டர் என்னும் குடியானவரின் நிலை, 1606ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுரங்கத்தோடு பிணைக்கப்பட்டு 1799இல்தான் முற்றும் விடுபட்ட தொழிலாளர் ஒரே ஊரில் தலைமுறை தலைமுறையாகக் காணப்படுவதன் காரணம் முதலியவை அங்கே விளக்கம் பெறுகின்றன.

பதிவேடுகள் வலுவிழக்கும் இடத்தில் ஊரார் நினைவு எவ்வளவு உதவும் என்பதற்கு மேற்குத் தீவுகள் எடுத்துக்காட்டு. அவற்றுள் ஒன்றான லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்தவரே, தமிழகத்துப் பாளையக்காரர் வமிசாவளிகளையும் ஊர் வரலாறுகளைக் கூறும் கைபீதுகளையும் தொகுப்பித்த கர்னல் காலின் மெக்கன்சி. அத்தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. அத்தீவின் வடமுனையான நெஸ் பகுதியில் 1977இல் வரலாற்றுக் கழகம் ஒன்று எழுந்து, கிராஃப்ட் எனப்படும் சிறு குத்தகை நிலங்களில் குடியிருந்தோரின் குடிவழிகளைத் தொகுத்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தை வழித்தோன்றலுக்கு விட்டுச்செல்லும் உரிமையை அளித்தமையால், அதன் பிறகு நிலத்தின் வரலாறே பல இடங்களில் குடும்பத்தின் வரலாறும் ஆயிற்று. அதற்கு முற்பட்ட காலத்திலோ நெஸ் அடங்கிய பார்வஸ் பங்கின் பதிவேடு 1810இல்தான் தொடங்குகிறது. அதிலும் டொனால்ட் மக்லவுட் என்ற ஒரே பெயர் பலருக்கு இருக்க, ஊரார் அவர்களைத் தந்தை, பாட்டன் பெயர்களைச் சேர்த்து, முர்டோ மகன் இயனின் மகன் டொனால்ட் என்பதுபோல் பிரித்து அறிகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லூயிஸிலிருந்து கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குக் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் அத்தகைய பெயர்த்தொடர் ஒன்றை மட்டும் நினைவில் கொண்டு வந்தாலும், முன்னோர் எந்த ஊரின் எந்த நிலத்திலிருந்து புறப்பட்டனர் என்று தேடத் தொடங்குவதற்கு அதுவே போதுமானதாகிறது.