வெடியுப்பும் நம் உணவும்

போர்ட் கொச்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மிளகு. மிளகை நாடிக் கடல் கடந்து வந்த போர்த்துக்கீசியர், கொச்சி அரசரின் இசைவுடன் 1503ஆம் ஆண்டில் அங்கே ஒரு கோட்டையை எழுப்பினர். இந்திய மண்ணில் ஐரோப்பியர் கட்டிய முதற் கோட்டை அதுவே. 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் அவர்களே அதன் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினர். மிளகின் பொருட்டு நிகழ்ந்த இம்மாற்றங்களுக்கெல்லாம் துணையாக நின்ற பொருள் மற்றொன்று உண்டு. அதுவே வெடியுப்பு. பீரங்கி மருந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வுப்புதான். கந்தகமும் கரியும் எஞ்சிய பங்கு.

கோட்டையின் மருந்துக் கிடங்கிலிருந்த இதே உப்பு, துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களின் உணவிலும் கலந்திருந்தது. மாதக்கணக்கில் கடலில் செல்லும் மாலுமிகளுக்கு உணவு, பீப்பாய்களில் அடைத்த உப்பிட்ட இறைச்சியே. சாதாரண உப்புடன் சிறிதளவு வெடியுப்பையும் சேர்த்து இறைச்சியைப் பதப்படுத்துவது ஐரோப்பியரின் வழக்கம். ஒரு கையால் உயிரைப் போக்கவும், மறு கையால் உணவைக் காக்கவும் பயன்பட்ட இந்த உப்பு, உண்பவர் உடலுக்கு நன்மை செய்வதா, தீமை செய்வதா? இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த விடை இன்று நம் ஒவ்வொருவர் சமையலறையையும் தொடுவதாகும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழில் வெடியுப்பு, பொட்டிலுப்பு என்கிறோம். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் மலையாளத்திலும் அது வெடியுப்புதான். வடநாட்டில் வாழும் நம்மவர் அதனை ‘ஷோரா’ என்று கேட்டிருப்பர். இலத்தீன் மொழியிலோ ‘பாறையின் உப்பு’ என்று அதற்குப் பெயர். சித்த வைத்தியர்கள் அதனைச் சுண்ணமாக்கி நீரடைப்புக்கு மருந்தாக வழங்கினர். இரசாயன நூலில் அது பொட்டாசியம் நைட்ரேட்டு. நைட்ரேட்டு என்பதே இவ்வுரையின் கருப்பொருள்.

வெடியுப்பின் பெரும் விளைநிலம் பீகார். பாட்னாவில் அதனை வாங்குவதற்கு டச்சுக் கம்பெனியும் ஆங்கிலக் கம்பெனியும் போட்டியிட்டன. பிளாசிப் போருக்குப் பின் 1758இல் ஆங்கிலக் கம்பெனி அவ்வாணிபத்தைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. தமிழ்நாட்டிலும் உவர்மண்ணை வடித்து வெடியுப்புக் காய்ச்சியோர் இருந்தனர். மாட்டுக் கொட்டிலின் அருகிலும், பழைய குடியிருப்புகளின் ஓரத்திலும் மழைக்காலம் கழிந்தபின் வெண்மையாகப் பூக்கும் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடிகட்டி, சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் வெடியுப்பு படியும். சாணமும் சிறுநீரும் கலந்த மண்ணில் இது தோன்றும் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1877இல் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே இதனை ஆக்குகின்றன என்று நிறுவினர்.

இந்த உண்மையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். எருவிட்ட மண்ணில் பிறக்கும் நைட்ரேட்டு நம்மிடம் மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. வெடியுப்பாகி இறைச்சியில் புகுவது ஒன்று. வேர் வழியே ஏறிக் கீரையிலும் கிழங்கிலும் தங்குவது மற்றொன்று. மண்ணில் இறங்கிக் கிணற்று நீரில் கலப்பது மூன்றாவது. பொருள் ஒன்றே. ஆயினும் வழிக்கு ஏற்ப அதன் விளைவு வேறுபடுகிறது.

இறைச்சியின் வழியை முதலில் காண்போம். வெடியுப்பிட்ட இறைச்சி வெந்த பின்னும் செந்நிறம் மாறாமலிருப்பதைச் சமையற்காரர் நெடுநாளாக அறிவர். ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் கிறிஸ்துமஸ் காலத்தில் வெடியுப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஊறவைக்கும் உப்பிறைச்சிக்கும் அந்நிறம் உண்டு. இதன் காரணம் படிப்படியாகவே வெளிப்பட்டது. நைட்ரேட்டு இறைச்சியில் நைட்ரைட்டாக மாறுகிறது என்பதை 1891இல் ஜெர்மானியரான பொலென்ஸ்கே கண்டார். அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசையின் செந்நிறப் பொருளுடன் இணைந்து நிறத்தை நிலைநிறுத்துகிறது என்பதை 1901இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் விளக்கினார். நைட்ரைட்டுக்கு வேறொரு திறமும் உண்டு. பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமியை அது வளரவிடாமல் தடுக்கிறது. ஆகவே, பழங்காலத்து மாலுமிக்கு அந்த உப்பு உண்மையிலேயே ஒரு காவலன் எனலாம்.

காவலனிடம் குறை உண்டு என்பது 1956இல் தெரிந்தது. பிரிட்டிஷ் அறிஞர்களான மாகி, பார்ன்ஸ் இருவரும், நைட்ரோசமைன் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவதைக் கண்டனர். நைட்ரைட்டு, புரதச் சிதைவிலிருந்து வரும் அமைன்களுடன் சேரும்போது பிறப்பதே நைட்ரோசமைன். இறைச்சியில் இவ்விரண்டும் அருகருகே உள்ளன. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது அவை விரைந்து சேர்கின்றன. வைட்டமின் சி இச்சேர்க்கையைத் தடுக்கவல்லது என்பது 1970களில் உறுதிப்பட்டது. அதன் பின் ஆலைகளில் அதனையும் சேர்க்கலாயினர். எலுமிச்சை பிழிந்த பழைய சமையற்காரர் இந்தக் காரணத்தை அறிந்திருக்க வழியில்லை.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, உண்ணாதவரைவிட ஏறத்தாழ 18 சதவீதம் மிகுதி என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை விருந்தில் உண்பவர் இதற்காக நடுங்க வேண்டியதில்லை. நகரங்களில் காலைச் சிற்றுண்டியாகவே சாசேஜும் சலாமியும் நுழைந்துவிட்ட இல்லங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது வழி. நாம் உண்ணும் நைட்ரேட்டில் மிகப் பெரும்பகுதி காய்கறிகளிலிருந்தே வருகிறது என்றால் பலர் வியப்படைவர். பாலக்கு, முளைக்கீரை, பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றில் ஒரு கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். அவ்வாறாயின் கீரை நஞ்சா? இல்லை. கீரையில் நைட்ரேட்டுடன் வைட்டமின் சியும் பிற காப்புப் பொருள்களும் கூடவே உள்ளன. மேலும், உண்ட நைட்ரேட்டில் ஏறக்குறைய கால் பங்கை உடல் உமிழ்நீருக்குத் திருப்பி அனுப்புகிறது. நாவின் பின்புறம் வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக்க, அது உடலினுள் நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. இரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. 2008இல் இலண்டனில் நடந்த ஒரு சோதனையில், அரை லிட்டர் பீட்ரூட் சாறு பருகியவர்களின் இரத்த அழுத்தம் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் குறைந்தது. ஹால்டேன் இறைச்சியில் கண்ட நைட்ரிக் ஆக்சைடே இங்கு இதயத்துக்குத் துணையாகிறது!

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. சமைத்த கீரையை வெதுவெதுப்பாக நெடுநேரம் வைத்திருந்தால், கிருமிகள் அதிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கிவிடும். கீரையை மறுநாளைக்கு வைத்துண்ணலாகாது என்னும் நம் வீட்டு வழக்கம், சிறப்பாகக் கைக்குழந்தைகள் திறத்தில், இன்றும் போற்றத் தக்கது.

மூன்றாவது வழியே மிகுந்த கவலைக்குரியது. 1945இல் அமெரிக்க மருத்துவர் காம்லி, பண்ணைக் கிணற்று நீரில் கலந்த பால் பருகிய குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததைப் பதிவு செய்தார். நைட்ரைட்டு, குருதியின் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடுவதே அதன் காரணம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையே இதற்கு எளிதில் இரையாகிறது. நம் நாட்டில் குடிநீருக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வரம்பைக் கடந்திருந்தது. இராஜஸ்தானிலும் கர்நாடகத்திலும் ஏறக்குறையப் பாதி மாதிரிகளும், தமிழ்நாட்டில் மூன்றில் ஒன்றுக்கு மேலும் அவ்வாறு இருந்தன. மிகுதியாக இடும் இரசாயன உரமும், ஒழுங்கற்ற கழிவுநீரும் இதற்குக் காரணங்களாகும்.

பிழைப்பின் நிமித்தம் புதிய ஊர்களில் குடியேறும் நம்மவர், வாடகை வீட்டின் கிணறோ ஆழ்துளைக் குழாயோ தரும் நீரை நம்பியே வாழ்கின்றனர். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையால் அறிவதும் இயலாது. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டோ நீங்காது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். குழந்தைக்கு நல்லதென்று எண்ணி நெடுநேரம் கொதிக்க வைக்கும் தாய் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டுவது சிறந்த காப்பு. புட்டிப்பால் தவிர்க்க இயலாதெனில், அதனைக் கலக்கும் நீரை அரசாங்கக் குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் முன்னதாகச் சோதித்துக் கொள்ள வேண்டும். கீரையைப் புதிதாக வாங்கிச் சமைத்து அன்றே உண்போம். பதப்படுத்திய இறைச்சியை அரிதாக்குவோம். குடியேறும் வீட்டில் வாடகையைக் கேட்கும்போதே கிணற்று நீரின் தன்மையையும் கேட்டறிவோம்.