கடலூர்–பரங்கிப்பேட்டைக் கரையின் கடல் வரைபடங்கள்

சோழமண்டலக் கரையில் பெண்ணையாற்று முகத்துவாரம் முதல் கொள்ளிட முகத்துவாரம் வரையுள்ள கடற்பகுதியின் ஆழம், மணல்திட்டு, நங்கூரமிடும் இடம், கரை அடையாளம் ஆகியவற்றைக் குறித்துக் காட்டும் படங்கள் இவை. 17ஆம் நூற்றாண்டு முதல் டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலேய வணிகக் கம்பெனிகளுக்காக வரையப்பட்டன. இன்றைய கடலூர் மாவட்டக் கரை முழுவதும் இவற்றில் அடங்கும்.

கரையின் இயல்பு

இக்கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவை கொண்டுவரும் மணல் முகத்துவாரங்களில் படிந்து திட்டாகிறது; ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் வழி மாறுகிறது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட, மசூலாப் படகுகளும் தோணிகளும் சரக்கை ஏற்றி இறக்கின. கொள்ளிட முகத்துவாரத்துக்கு வெளியே கடலுக்குள் நீளும் கொள்ளிடத் திட்டு, தெற்கிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு வரும் கப்பல்களுக்குப் பேராபத்து.

தொடக்ககாலம்

கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ இக்கரையின் துறைகளைப் பெயர் சொல்லிச் செல்கிறது. படம் ஏதும் தரவில்லை. அது கூறும் பொதுகே, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி கபேரிஸ் எனக் குறித்தது காவிரிப்பூம்பட்டினம். கடலூர்க் கரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உள்ளூர் மீனவர் ஆழத்தைப் பாகத்தாலும், திசையைக் காற்றாலும் விண்மீனாலும், இடத்தைக் கரையிலுள்ள மரத்தையும் கோபுரத்தையும் கொண்டும் கணித்தனர். இவ்வறிவு தாளில் ஏறாமல் வாய்வழியாகவே கைமாறியது.

டச்சுப் படங்கள்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் வணிகம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆம்ஸ்டர்டாமில் தனிப் படவரைவாளர்களை வைத்திருந்தது. ஹெஸ்ஸல் கெரிட்ஸும், அவருக்குப் பின் பிளாவ் குடும்பத்தினரும் அப்பதவியை வகித்தனர். கடல் ஈரத்தில் தாள் கெடும் என்பதால் படங்கள் தோலில் வரையப்பட்டன. பயணம் முடிந்ததும் மாலுமி படத்தைத் திருப்பித் தர வேண்டும். வேற்று நாட்டாருக்குக் காட்டக் கூடாது. கீழைக் கடல்களுக்கான இப்படங்கள் 1753இல்தான் வான் கூலன் குடும்பத்தின் கடலேட்டின் ஆறாம் பகுதியாக அச்சேறின. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1703இல், ஆங்கிலேயரான ஜான் தார்ன்டன் கீழைக் கடல்களுக்கான வழிகாட்டி நூலை அச்சிட்டிருந்தார்.

பிரெஞ்சுப் படங்கள்

கப்பல் தலைவராக இருந்த அப்ரே தெ மன்விலெத் 1745இல் வெளியிட்ட ‘நெப்டியூன் ஓரியந்தால்’ கடலேடு, பிரெஞ்சுக்காரரின் தலைசிறந்த பங்களிப்பு. 1775இல் அது விரிவாக்கப்பட்டது. இந்தியாவை நேரில் காணாத படவரைவாளர் தான்வில், பிறர் தந்த குறிப்புகளைக் கொண்டே 1753இல் சோழமண்டலப் படத்தை வரைந்தார்.

போரும் அளவையும்

1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. 1749 ஏப்ரலில் வீசிய புயலில் ‘நாமூர்’, ‘பெம்புரோக்’ என்னும் இரு போர்க்கப்பல்கள் இக்கரையோரம் அழிந்தன. நாமூரில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1758இலும் 1783இலும் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் கடலூருக்கு அப்பால் மோதின. எந்த ஆழத்தில் எத்தனை கப்பல் நிற்கலாம் என்பது அப்போது போர்த்தந்திரம் ஆயிற்று.

1750களில் சென்னையில் எழுத்தராக இருந்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள் 1779இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படப்பொறுப்பாளராகி, 1795இல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீரளவையாளரானார். சென்னைக்குத் தெற்கே பாக் நீரிணை வரையுள்ள கரையை மைக்கேல் டாப்பிங் முக்கோண முறையில் அளந்தார். 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்த நில அளவையாளர் லாம்டன், கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைத் தம் முதல் நெடுவரை அளவையின் தென்முனையாகக் கொண்டார். கரையிலுள்ள இடங்களுக்கு நம்பத்தக்க தீர்க்கரேகை கிடைத்தது இத்தகைய நில அளவைகளால்தான்.

கோபுர அடையாளங்கள்

சிதம்பரத்திலிருந்து மேற்கே கீரப்பாளையம் வரையும் அதற்கு அப்பாலும் நிலம் தட்டை வயல்வெளி. கடலிலிருந்து பார்த்தால் குன்று என்று ஒன்றும் தெரியாது. எனவே சிதம்பரம் கோயிலின் நான்கு கோபுரங்களே மாலுமிக்கு மலையாயின. கப்பல் நகர நகர இரு கோபுரங்கள் ஒன்றையொன்று மறைக்கும், பிறகு பிரியும். அதைக் கொண்டே கப்பல் நிற்கும் திசை அறியப்பட்டது. கம்பெனியின் நீரளவையாளர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க், 1809 முதல் வெளிவந்த தம் கப்பல் வழிகாட்டி நூலில் இக்கோபுரங்களைக் குறிப்பிடுகிறார். இவர் 1786இல் தியேகோ கார்சியா தீவருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். தவறான படமே அவ்விபத்துக்குக் காரணம். கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் உள்நாடு மாலுமிக்குத் தேவையில்லை என்பதால் படத்தில் வெற்றிடமாக விடப்படும்.

வகைகள்

இப்படங்கள் மூவகைப்படும்.

1. கடற்பொதுப்படம்: தீபகற்பக் கரை முழுவதையும் சிறிய அளவில் காட்டுவது.
2. கரைப்படம்: ஒரு கரைத்துண்டின் ஆழங்களையும் திட்டுகளையும் காட்டுவது.
3. துறைப்படம்: ஒரு முகத்துவாரத்தையோ நங்கூரத் தலத்தையோ பெரிதாக்கிக் காட்டுவது.

இவற்றோடு, கடலிலிருந்து கரை தோன்றும் விதத்தைக் கோட்டோவியமாகத் தீட்டுவதும் வழக்கம். ஆழம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளக்கப்பட்டு, ஆறடி கொண்ட பாகக் கணக்கில் எழுதப்பட்டது. குண்டின் அடிக்குழியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வரும் மண்ணைப் பார்த்துச் சேறு, மணல், சிப்பி என்று தரையின் தன்மையும் குறிக்கப்பட்டது.

பிற்காலம்

1874இல் கல்கத்தாவில் டண்டாஸ் டெய்லரின் தலைமையில் இந்தியக் கடலளவைத் துறை நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின் இப்பணி டேராடூனில் இயங்கும் தேசிய நீரளவை அலுவலகத்துக்கு உரியதாயிற்று; அது தாள் படங்களோடு மின்னணுப் படங்களையும் வெளியிடுகிறது. மீனவர் இன்று ஜிபிஎஸ் கருவியைப் பயன்படுத்துகின்றனர்.