சேலம் 1882: ஒரு வக்கீலும் நூறு ரூபாய் நஷ்டஈடும்

நகரசபை உறுப்பினர் பதவி உரிமையா, அரசு போடும் பிச்சையா? இந்தக் கேள்வியைச் சென்னை ஹைகோர்ட் வரை இழுத்துக்கொண்டு போனவர் சேலம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார்.

1852இல் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். முதலில் வாத்தியார் வேலை. சட்ட வகுப்பில் உட்காராமலேயே பரீட்சை எழுதி 1881இல் வக்கீலானார். 1882இல் சேலம் நகரசபைக்குள் நுழைகிறார். அதே ஆண்டு மே மாதம்தான் வைஸ்ராய் ரிப்பன் தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டிருந்தார். சில மாதங்களுக்குள் சேலத்தில் கலவரம். கோயில் ஊர்வலம் போகிற பாதையில் பள்ளிவாசல் இருந்ததுதான் தகராறுக்குக் காரணம்.

கலவரத்தைத் தூண்டியதாக இவர்மேல் வழக்கு. பத்தாண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் விடுதலை. தப்பித்தோம் பிழைத்தோம் என்று வேறு யாராவது வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் போகவில்லை. நகரசபையிலிருந்து தன்னை நீக்கியது சட்டவிரோதம் என்று, லண்டனில் இருந்த இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கினார். 1884இல் தீர்ப்பு இவர் பக்கம். நஷ்டஈடு 100 ரூபாய்.

தொகை அற்பம்தான். ஆனால் கொடுத்த கையே பிடுங்கிக்கொள்ளலாம் என்கிற காலனியத் தர்க்கத்தில் அங்கே ஒரு கீறல் விழுகிறது. வெள்ளைக்காரனின் சட்டத்தை அதற்குள்ளேயே நின்று அவனுக்கு எதிராக வாசிப்பது என்பது இதுதான்.

இந்த வாசிப்பு யாருக்கெல்லாம் வாய்த்தது? ஆங்கிலமும் சட்டமும் தெரிந்த ஒரு பிராமண வக்கீலுக்கு வாய்த்தது. அதே கலவரத்துக்காக அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த மொழி இல்லை. அவர்களின் விடுதலைக்காகவும் இவரே வாதாடினார். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோர்ட்டில் பேசத் தெரியாதவர்கள் இருந்ததால்தான் அவர்களுக்காகப் பேசுகிற 'பிரதிநிதி' என்கிற இடம் உருவாகிறது. உள்ளூர் அரசியல்வாதி பிறப்பது அங்கேதான்.

அப்புறம் ஏறுமுகம். 1885இல் முதல் காங்கிரஸ், 1895இல் சென்னைச் சட்டசபை, 1920இல் நாகபுரி காங்கிரஸ் தலைமை. 'தென்னாட்டுச் சிங்கம்' என்ற பட்டமும் சேர்ந்தது. இந்த வரிசையில் வைத்துச் சொல்லும்போது கலவரம் ஒரு தலைவர் ஏறிவந்த படிக்கட்டாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பள்ளிவாசலில் தொழுத சேலத்து முஸ்லிம்கள், வழக்குக்குப் பின்னணியாக மட்டும் மிஞ்சுகிறார்கள்.

பதவி யாருடையது என்பதற்குத் தீர்ப்புக் கிடைத்தது. தெரு யாருடையது என்று கேட்டால் நம் வரலாற்றாசிரியர்கள் இன்னமும் சிங்கத்தின் கதையைத்தான் சொல்கிறார்கள்.